ஹெர்பர்ட் இல்லாத வயலின்

டிசம்பர் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்தும் ரெமிஜியஸ், விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே, நான் கம்ப்யூட்டரில் போட்ட பாட்டைப் போனில் கேட்டான். "பாட்டு சூப்பர் அங்கிள். வயலின்தான் கொசு மாதிரி இருக்கு. திருவிழாவுக்குப் போடணும்னா ஹெர்பர்ட் அங்கிளை வாசிக்கச் சொல்லலாமா?"

ஹெர்பர்ட்டா! சர்ச்சில் வயலின் வாசிப்பவன். என் மகன் டேரில் கல்யாணத்தில் அத்தனை பேர் முன்னால், "கம்ப்யூட்டர்ல வர்றது வயலினா? காலிங் பெல்" என்றவன். அன்றோடு பேச்சு நின்றது. அவன் வாசித்துத்தான் என் பாட்டு ஒலிக்க வேண்டுமென்றால், ஒலிக்கவே வேண்டாம். யாரிடமும் போய் நிற்காமல் நானே பாட்டு போடப் பழகியவன். பார்க்கலாம்.

டிசம்பர் 17

வயலினுக்கு எதிரொலி சேர்த்தேன். வீட்டுக்காரி கேட்டுவிட்டு, "இப்போ சர்ச்சுக்குள்ள கொசு" என்றாள்.

டிசம்பர் 18

எதிரொலியை எடுத்துவிட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கடைசி பெஞ்சை விட்டு இன்று முதல் பெஞ்ச். பக்தியால் அல்ல, ஹெர்பர்ட்டின் கையைப் பார்க்க. வில்லைக் கீழே இழுக்கிறான், தீர்ந்ததும் மேலே தள்ளுகிறான். ஒவ்வொரு தடவையும் சத்தம் சன்னமாகத் தொடங்கித் தடித்து அடங்குகிறது. நானோ கீபோர்டில் வைத்த விரலை எடுக்காமல் ஒரே சுரத்தை இரண்டு வரிக்கு அழுத்தியிருக்கிறேன். அதை வாசிக்க இங்கிருந்து அல்சூர் வரை நீளமான வில் வேண்டும் — இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

அவனுக்கு நன்றி சொல்ல மாட்டேன். பார்த்தது என் கண்.

ஜனவரி 5

துடைப்பக் குச்சி ஒன்றை வில்லாக இழுத்தபடி பாட்டைக் கேட்டேன். கை திரும்பிய இடத்திலெல்லாம் சுரத்தை வெட்டினேன். வீட்டுக்காரி இன்று கொசு என்று சொல்லவில்லை.

ஜனவரி 9

ரெமிஜியஸுக்கு அனுப்பினேன். "ஹெர்பர்ட் அங்கிள் கூட ராசியாயிட்டீங்களா? கலக்கிட்டார்" என்றான். நான் செய்தது என்றேன். சிரித்தான், நம்பவில்லை. சந்தோஷப்படுவதா, அறைவதா?

ஜனவரி 14

திருவிழா. என் பாட்டு ஒலித்தது. ரெமிஜியஸ் மைக்கில், வயலின் ஹெர்பர்ட் என்றுவிட்டான். கைதட்டல். ஹெர்பர்ட் எழுந்தபோது பல்லைக் கடித்தேன். அவன் மைக்கை வாங்கி, "வாசிச்சது நான் இல்ல. அதோ, கடைசி பெஞ்ச்ல மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கானே, அவன் வேலை" என்றான். எல்லோரும் திரும்பினார்கள். அத்தோடு விட்டானா? "மூணாவது வரியில நானா இருந்தா வில்லை மேல தள்ளியிருப்பேன்."

திமிர். ஒரு சுரம்கூட மாற்றுவதாக இல்லை.

ஜனவரி 16

மூன்றாவது வரியை மாற்றினேன். சரியாகத்தான் இருக்கிறது. ஒரு வார்த்தையும் எழுதாமல் ஹெர்பர்ட்டுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. திறந்தால், வயலின் பெட்டியோடு ஹெர்பர்ட்.

"நாலாவது வரியும் தப்பு" என்றபடி உள்ளே வந்தான்.