மறுதாம்புக்கும் வருவோம் என்றாய்

பக்கத்து வயலில் கரும்புத் தோகை எரித்த புகை சட்டையில் ஏறிவிட்டது. அலசியும் போகவில்லை. இன்று காலை திருவாலங்காட்டில் நம் சோதனை வயலுக்குப் போயிருந்தேன். மண்ணின் ஈரம் அளக்க நீ புதைத்த கருவிகளைத் தோண்டி எடுக்கத்தான்.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகத்தோடு நம் பல்கலைக்கழகம் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கருவிகளை இந்த வாரமே அனுப்பச் சொல்லி மின்னஞ்சல். அறிக்கைக்கு முதல் வெட்டு போதுமாம். ஒரு தடவை நட்டால், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பும். அதையும் வெட்டினால்தான் இங்கே கரும்பு முடிந்ததாக அர்த்தம். கையெழுத்துப் போட்ட யாருக்கும் இது தோன்றவில்லை. நம் ஆட்களுக்கும்தான்.

உனக்குத் தோன்றியது. அந்த டச்சுப் பேராசிரியை பயிற்சி நடத்த வந்த நாள் ஆடிக் கிருத்திகை. அழைத்திருந்த விவசாயிகள் எல்லாரும் காவடியோடு திருத்தணி மலைக்குப் போய்விட்டார்கள். தேதி குறித்தவனைத் தேடி நான் கத்திக்கொண்டிருந்தேன். சர்ச்சுக்குப் போகிற நீ, பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் போய் நின்றாய். சந்தனம் பூசிய மொட்டைகளாக இறங்கி வந்தார்கள் நம் விவசாயிகள். மறுதாம்பு என்றால் என்ன என்று அவர் கேட்டதும் ஒரு தலையைக் காட்டினாய். மழித்தாலும் வேர் உள்ளேதான் இருக்கிறது, திரும்ப முளைக்கும் என்றாய். அந்தத் தலை நம் வயல்காரருடையது. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

"அப்போ என் மண்டைக்கும் மீட்டர் வைப்பியா தம்பி?"

சிரிப்பு அடங்கி அதை மொழிபெயர்க்க உனக்கு நேரமாயிற்று. மறுதாம்புக்கும் வருவோம் என்று அங்கேயே அவருக்கு வாக்குக் கொடுத்தாய். யாரைக் கேட்டுக் கொடுத்தாய் என்று திரும்பும் வழியில் பாய்ந்தேன். நமக்குள் மச்சான் என்பதற்குப் பாவாதான்.

"ரிப்போர்ட்டு அவங்களுது பாவா. கரும்பு நைனாவுது."

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. ஆன்லைன் கூட்டத்தில் உனக்காகக் கொஞ்சம் மௌனம், அடுத்து பட்ஜெட். உன் இடத்துக்கு ஆள் போடவில்லை.

இன்று நைனா வரப்பில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் முடி வளர்ந்துவிட்டது.

"அந்தத் தம்பி மறுதாம்புக்கும் வரேன்னு சொல்லிச்சே. நீ கயட்டிகினு போறியே?"

ஒப்பந்தம் முடிந்ததை விளக்கினேன். "ஆங்" என்றார். கரிக்குள் கட்டைகளில் பச்சை முனை எட்டிப் பார்த்தது. தோண்டினால் வேர் அறும். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்ததும் அவர்களுக்குப் பதில் எழுதினேன். நீயாக இருந்தால் நலம் விசாரித்து, நன்றி சொல்லி, பத்தி பத்தியாக எழுதியிருப்பாய். நான் எழுதியது இவ்வளவுதான்: பயிர் முடியவில்லை. கருவிகள் வயலில் இருக்கின்றன. மறுதாம்பை வெட்டிய பிறகு அனுப்புகிறேன்.

பதில் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசைதான், எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை அளவு எடுக்க வருவதாக நைனாவிடம் சொல்லிவிட்டேன். உன் பொறுமையையும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். வாக்கை மட்டும்தான் விட்டுப் போயிருக்கிறாய், பாவா.