அப்பாவுக்குச் சம்மதமா?

சிவகாசி
18.7.1965

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு, செல்லத்தாய் எழுதிக்கொள்வது. நானும் வீரலட்சுமியும் சுகம். கல்கத்தா மழையில் கிட்டங்கிச் சரக்கு நனையாமல் இருக்கவும், உங்கள் இருமல் குறையவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

இஞ்சினியரிங் காலேஜ் பட்டியலில் நம் மகள் பெயர் இல்லை என்று எழுதியிருந்தேன். "போனால் போகிறது, விடு" என்று ஒரே வரியில் பதில் போட்டீர்கள். என்னால் விட முடியவில்லை. பி.யு.சி.யில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் மூன்றும் சேர்த்து இவளுக்கு இருநூற்று ஐம்பத்தொன்று. உங்கள் கம்பெனியில் லோடு அனுப்பும் தங்கச்சாமி அண்ணன் மகனுக்கு இருநூற்று இருபத்தெட்டுதான். அவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அண்ணன் ஜூன் மாதம் பட்டாசுப் பெட்டியோடு சென்னைக்குப் போய்வந்தார். சீசனே தொடங்காதபோது அந்த வெடி யாருக்கு? குழாயடியில் அவர் மனைவி மூக்கம்மாளிடம் கேட்டேவிட்டேன். "எம் மவன் படிச்சு வாங்குனதுக்கு நீ ஏன்டி வயிறெரியுத?" என்று குடத்தை இடித்து வைத்துவிட்டுப் போனாள்.

இதற்கிடையில் சங்கிலிமுத்து வீட்டம்மா வந்து, வீரலட்சுமியின் வளையல் அளவைக் கேட்டாள். எதற்கு என்றால், "சும்மாதான் மதினி" என்று சிரிக்கிறாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வியாழக்கிழமை விருதுநகருக்குப் போய் இவளுடைய ரசாயன டீச்சரைப் பார்த்தேன். மூன்று பாட மார்க்கோடு நேர்முகத் தேர்வுக்கு ஐம்பது வரை போட்டுக் கூட்டுவார்களாம். "அந்தப் பையனுக்கு ஐம்பதும் போட்டிருந்தால்கூட, இவளுக்கு இருபத்தேழு கிடைத்திருந்தால் சமம். அதுகூடப் போடவில்லை என்றால் அந்த அறையில் என்னவோ நடந்திருக்கிறது. மகளைக் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். சொன்னாள். கணக்கில் கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொன்னாளாம். கடைசியில் நடுவில் இருந்த பெரியவர், "கல்யாணம் ஆனால் பாதியில் போய்விடுவாயா அம்மா? வீட்டில் சம்மதமா?" என்றாராம். அம்மாவுக்குச் சம்மதம் என்றாளாம். "அப்பாவுக்கு?" என்றதும் தலையைக் குனிந்துகொண்டாளாம்.

ஏன் என்று அதட்டினேன். அழுதுவிட்டாள். "கல்கத்தாவுக்கு ரயிலேறும்போது அப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'அம்மா ஆசைக்குப் போயிட்டு வா தாயி, கெடைக்கலைன்னா நல்லது, தைக்குள்ள சங்கிலிமுத்து வீட்டுல பேசி முடிச்சிருவோம்'னாக. பொய் சொல்ல எனக்கு வாய் வரலம்மா" என்கிறாள்.

எனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் 'வீரலட்சுமி நன்றாகப் படிக்கட்டும்' என்றுதானே எழுதினீர்கள்? அவற்றை மறுபடி எடுத்துப் படித்தேன். எது உங்கள் மனம் என்று தெரியவில்லை. ஊரில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன், மூக்கம்மாள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? அந்தப் பெரியவர்மீதும் கோபம் ஆறவில்லை. தங்கச்சாமி அண்ணன் மகனிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்களா?

நேற்று காலேஜிலிருந்து தந்தி வந்தது. யாரோ ஒருவர் சேரவில்லையாம். காத்திருப்போர் வரிசையில் அடுத்தது நம் மகள். தாய் தகப்பனில் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போடவேண்டுமாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறோம். உங்களைக் கேட்டுப் பதில் வருவதற்குள் அந்த இடமும் போய்விடும். அதனால் கேட்கவில்லை. கையெழுத்து நான் போடுகிறேன்.

சங்கிலிமுத்து வீட்டுக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. பேச்சைத் தொடங்கியவர் நீங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். என்மீது கோபம் இருந்தால் தீபாவளிக்கு வந்து திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் இனியும் பலர் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவள் தலை குனியாமல் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் பதில் போட வேண்டாம் அத்தான். அவள் பெயருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
செல்லத்தாய்