எங்கள் உயரத்துக்கு அடித்த ஆணிகள்

அன்புள்ள மௌசி,

முதலில் ஒரு மன்னிப்பு. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். நீங்கள் இருந்த காலத்தில் எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியவள் இல்லை நான். "செல்விக்கு வாய் விரல்ல இருக்கு" என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? அந்த வாயால்தான் இப்போதும் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தி. நீங்கள் டிவியில் வரப்போகிறீர்கள், மௌசி.

நீங்களேதான் என்று சொல்ல முடியாது. துணியில் தைத்த ஒரு பொம்மை. ஆனால் கொண்டை உங்களுடையது. இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை உங்களுடையது. நம் தீவின் அபர்டீன் பஜாரில் ஒரு துணிக்கடை மாடியில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். இங்குள்ள கேபிள் டிவிக்காகப் பள்ளிக்கூட வயது வராத குழந்தைகளுக்கு ஒரு நிகழ்ச்சி எடுக்கிறோம். வேலைக்குப் போகும் அம்மா அப்பாக்கள், அவர்கள் திரும்பி வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மௌசி. அதுதான் கதை.

முதல் கூட்டத்தில் டைரக்டர் தீதி கேட்டார், அம்மா போனதும் பிள்ளை அழுதால் மௌசி என்ன செய்வார் என்று. ஒருவர் மிட்டாய் என்றார். ஒருவர் பாட்டு என்றார். நான் வாயைத் திறக்காமல் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினேன். 'சாவி.'

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டெய்ரி ஃபார்ம் பகுதியில் தகரக் கூரை போட்ட உங்கள் ஒன்றரை அறை வீட்டில் நாங்கள் ஏழு பிள்ளைகள். பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழ். எல்லோருக்கும் நீங்கள் மௌசி, அதாவது இந்தியில் சின்னம்மா, தமிழ்ப் பிள்ளையான எனக்கும்தான். பிள்ளையை விட வருகிறவர்களுக்கு நீங்கள் வைத்தது ஒரே ஒரு சட்டம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, சாவியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

சுவரில் ஏழு ஆணிகள். பெரியவர்கள் குனிய வேண்டும். நாங்கள் கை நீட்டினால் எட்டும். அவரவர் சாவியை அவரவர் ஆணியில் நாங்களே மாட்டுவோம். என்னுடையது மூன்றாவது ஆணி. அழுகிற பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டுவீர்கள். "சாபி இதர் ஹை. மம்மி கிதர் ஜாயேகா?" எனக்கு மட்டும் தமிழில்: "சாவி இங்க இருக்கு புள்ள. அம்மா எங்க போயிருவா?"

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இருபத்து மூன்று வயதில்தான் எனக்கு உறைக்கிறது. எங்களிடம் வராமல் எங்கள் அம்மா அப்பாக்களால் அவர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைய முடியாது. இடுப்புயரம்கூட இல்லாத எங்களிடம் அத்தனை அதிகாரம்! சிலோனிலிருந்து சிறுமியாகக் கப்பலேறி வந்தீர்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினீர்கள். இதை எங்கே கற்றீர்கள், மௌசி? உங்களை யாராவது எங்காவது விட்டுவிட்டுப் போனார்களா? ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

பிங்கியின் அப்பா நினைவிருக்கிறதா? மின்சார ஆபீஸ்காரர். ஒருநாள் சாவியைப் பாக்கெட்டில் போட்டபடியே கிளம்பிவிட்டார். பிங்கி போட்ட கத்தலில் தெருமுனையிலிருந்து ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"மௌசி, மேரா ட்யூட்டி!"

"ட்யூட்டி பாத் மே. பஹ்லே சாபி." முதலில் சாவி, ட்யூட்டி அப்புறம் என்றீர்கள்.

அவர் அவசரமாக ஒரு சாவியை எடுத்து நீட்டினார். நாலு வயது பிங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏ ஹமாரா நஹி. தூஸ்ரா பாக்கெட்!" என்றாள், இது எங்களுடையது இல்லை, மற்றப் பாக்கெட்டில் பார் என்று. ஆபீஸ் ஸ்டோர் சாவியைக் கொடுத்திருக்கிறார் மனிதர். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பு! அதை முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன்.

படப்பிடிப்பில் ஒன்று நடந்தது. நிஜக் குழந்தைகள் ஆறு பேரைப் பாயில் உட்கார வைத்திருந்தோம். ஒரு குழந்தையின் அம்மா நர்ஸ். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டுப் போனாள். குழந்தை மூச்சு முட்ட அழுதது. விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டார் தீதி. அப்போது பொம்மைக்குள் கைவிட்டிருந்த அக்கா, யாரும் சொல்லாமலே, துணிக் கையால் சாவியை நீட்டி உங்கள் வார்த்தையைச் சொன்னாள். குழந்தை சாவியை வாங்கியது. பார்த்தது. அழுகை நின்றது. நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் அசையாமல் நின்றோம். நீங்கள் இறந்து எட்டு மாதம் ஆகிறது. உங்களை ஒருபோதும் பார்த்திராத குழந்தை அது.

எடுத்து முடித்ததும் சாவியைத் திருப்பிக் கேட்டபோது அது கொடுக்கவில்லை. "மம்மி ஆயேகா, தப்" என்றது. மம்மி வந்த பிறகுதான் கொடுத்தது, அவள் கையில். அவளிடமிருந்துதான் நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சாவி எது என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஐந்து வயது. நல்ல மழை. பாதிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நீங்கள் தேங்காய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அம்மா வந்ததும் கால் நீட்டிப் படுத்துவிடுவாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு துடைத்தவள், வேறென்ன செய்வாள்? ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது. சாவி இல்லாவிட்டால் வீடு திறக்காது, வீடு திறக்காவிட்டால் இங்கேயே இருக்கலாம், அவ்வளவுதான் தெரியும். மூன்றாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்து உங்கள் அரிசி டின்னுக்குள் அழுத்தினேன்.

அம்மா நனைந்துகொண்டு வந்தாள். பாய்க்கு அடியில், சாக்கடையில், விறகுக்குப் பின்னால், எங்கும் தேடினீர்கள். நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். பிறகு அம்மாவிடம் சொன்னீர்கள்.

"என் தப்புதான் தங்கச்சி. கூட்டுறப்ப எங்கயோ தள்ளிட்டேன் போல."

"ஏழு சாவியப் பாத்துக்கத் தெரியல. ஏழு புள்ளைய எப்படிப் பாப்பீங்க?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பக்கத்து வீட்டுச் சுத்தியலை வாங்கி, மழையில் நின்று, எங்கள் பூட்டை அம்மா தானே உடைத்தாள்.

மறுநாள் அரிசி அளக்கும்போது சாவி வந்தது. என்னை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிட்டீர்கள்.

"ஏன் புள்ள?"

"நா இங்கியே இருக்கேன்."

திட்டுவீர்கள் என்று நினைத்தேன். என் கன்னத்தில் ஒட்டியிருந்த எதையோ துடைத்துவிட்டீர்கள். "அம்மாகிட்ட இதச் சொல்லிராத. ஊரு அழுக்கெல்லாம் தொடச்சிட்டு ஒனக்காக ஓடி வர்றவ. புள்ள வர மாட்டேன்னு ஒளிச்சிருச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. இந்தச் சாவியத் தொட்டுச் சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அதற்குப் பிறகு அம்மா புதுப் பூட்டின் சாவியை உங்களிடம் விடவில்லை. தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டாள். ஆறு ஆணிகளில் சாவி, என் ஆணி மட்டும் மொட்டையாக. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் உங்கள் வீட்டுச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். "இத ஒன் ஆணியில மாட்டு. நான் எங்க போயிருவேன்?"

போன மழையில் போய்விட்டீர்களே, மௌசி. அந்தக் கேள்விக்கு இப்போது நான் என்ன பதில் சொல்வது?

பி.ஏ. ரிசல்ட் வந்த அன்று பழைய சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்து என்னிடம் கொடுத்தீர்கள். அம்மாவின் யூனிஃபார்ம் சேலையிலிருந்து கிழித்த பச்சைத் துணி, அம்மா போட்ட இரட்டை முடிச்சு, எல்லாம் அப்படியே. "ஒரு கதவும் தொறக்காது. வச்சுக்க." அதைத்தான் பையிலேயே வைத்திருந்தேன். படப்பிடிப்பு அன்று பழைய சாவி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

எடிட்டிங் அறையில் பார்த்தபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. திரை முழுக்க அந்தச் சாவி. பல்லில் ஏறிய துரு, பச்சைத் துணியின் பிசிறு, இரட்டை முடிச்சு. ஆள் உயரம். சின்ன வயதில் அது என் கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத்தான் இருந்திருக்கும். அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. தன் கை முடிச்சு அம்மாவுக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அது ஒளிபரப்பாகிறது. அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நாலு வீட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். "எம் பேரு எனக்கே படிக்கத் தெரியாது. ஒம் பேரு வர்றப்ப தொட்டுக் காட்டுடி" என்கிறாள். அரசாங்கம் நம் ஊருக்கே இப்போது புதுப் பெயர் வைத்துவிட்டது. பஸ்ஸில் மாற்றி எழுதிவிட்டார்கள். அம்மா மாறாமல் அப்படியேதான் இருக்கிறாள். உங்கள் காரியத்துக்கு வந்திருந்தபோதும் அழுதுகொண்டே சொன்னாள்: "தங்கமான பொம்பள. சாமான் பத்திரம்தான் பத்தாது." உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சத்தியம் தடுத்தது.

அந்தக் காட்சியை வெட்டிவிடலாம். நாலு நொடிதான், தீதி மறுக்க மாட்டார். இரண்டு முறை அவர் மேஜை வரை போய்த் திரும்பிவிட்டேன். பதினெட்டு வருஷமாக எனக்காக ஒரு கெட்ட பெயரைச் சுமந்தீர்கள். அதைத் துடைக்கக்கூடிய ஒரே காட்சியையும் வெட்டி எறியச் சொல்கிறதா என் கை?

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மா டியூட்டி முடிந்து வரும்போது நான் வாசலில் நிற்பேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் செய்ததுபோல, சாவியை அவள் கையில் கொடுப்பேன். அன்று கொடுக்காமல் விட்டதை. காகிதத்தில் எழுதி நீட்ட மாட்டேன். வாயால் சொல்வேன். இது வாக்கு.

தாங்குவாளா? அழுவாளா, விளக்குமாற்றை எடுப்பாளா? தெரியவில்லை. நீங்கள் இருந்தால் தெரிந்திருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன், முதலிலேயே கேட்கக் கூச்சமாக இருந்தது. ஐந்து வயதில் சாவியைத் தொட்டுச் செய்த அந்தச் சத்தியத்திலிருந்து என்னை விட்டுவிடுங்கள், மௌசி.

உங்கள் மூன்றாவது ஆணிப் பிள்ளை,
செல்வி