படலையில் சொல்லக்கூடாத சொல்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் முற்றத்தில் மிளகாயைக் காயப் போட்டுவிட்டு, ஜெர்மனியில் இருக்கும் உன் மகனோடு கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். உன் பேத்தி அவன் மடியில் இருந்தாள். வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு ஆடு தலையை நீட்டி மிளகாயை மணந்தது. போ, போ என்று அதைக் கலைத்தேன். திரையில் அந்தச் சின்னது விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கியது. உன் மகன் வெட்கப்பட்டுக்கொண்டு காரணம் சொன்னான். அங்கத்தைய மொழியில் 'போ' என்றால் குண்டியாம்.

நானும் சிரித்தேன். கைபேசியை வைத்த பிறகு குசினிக்குள் போய் இருந்து அழுதேன். 'போ'வுக்கு அந்த ஒரு பொருளை மட்டும் நீ வீட்டுக்குக் கொண்டு வராமல் விட்டுவிட்டாய்.

எங்கள் காங்கேசன்துறை வீட்டில் அந்தச் சொல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரியது. மனிதர் வாசல் படலையைத் தாண்டும்போது அது தனித்து வாயில் வரக்கூடாது. போவதைச் சொன்னால் வருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவின் தகப்பன் தோணியேறிப் போனவர், திரும்பவில்லை. புறப்பட்ட அன்று வெறுமனே 'போறன்' என்று சொன்னார் என்பதுதான் அம்மா கடைசிவரை அறிந்த காரணம். காற்று, கடல் என்று யார் என்ன சொன்னாலும் அவவிடம் எடுபடாது.

நீ முதன்முதலில் கப்பல் வேலைக்குப் புறப்பட்ட காலை நினைவிருக்கிறதா? பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் போறன் அம்மா" என்றாய். அம்மா உன் கையைப் பிடித்துத் திரும்ப உள்ளே கூட்டிவந்து, கதிரையில் இருத்தி, செம்பில் தண்ணீர் கொடுத்தா. நீ குடித்து முடிக்கும்வரை பஸ் நிற்குமா? அது தன்பாட்டில் போய்விட்டது. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி எழும்பி, போய்விட்டு வருவதாக ஒழுங்காக "போட்டு வாறன்" சொல்லி, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாய்.

அந்தக் கோபத்துக்குத்தான் போலும், முதல் விடுமுறையிலேயே அம்மாவை மடக்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தாய். கப்பலில் உன்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரர்கள் பெரியவர்களோடு பேசும்போதெல்லாம் மரியாதைக்கு ஒரு 'போ' சேர்ப்பார்களாம். அடுத்த முறை உன் கதையில் ஓர் அல்பேனியச் சமையல்காரன் வந்தான். அவனுக்கு அது ஆமாம் என்கிற எங்கடை 'ஓம்'. போலந்துக்காரனுக்கு 'பிறகு'. நியூசிலாந்துத் துறைமுகத்தில் ஒரு மவோரி மனிதர் அதை இரவு என்று சொல்லித் தந்தார். பெட்டியைத் திறந்து சவர்க்காரமும் சொக்லேட்டும் எடுக்க முதலே நீ இதைத்தான் எடுத்து வைப்பாய். ஒருவரோடொருவர் உறவுமில்லை, கொண்டு கொடுத்ததுமில்லை, ஆனாலும் ஒரே சத்தம் என்று அதிசயப்படுவாய். மனிதருக்கு வாய் ஒன்று, அதில் பிறக்கிற சத்தமும் கொஞ்சம்தான், ஆளுக்கொரு பொருளை அதில் ஏற்றிவிடுகிறார்கள், சத்தத்தில் ஒரு குற்றமும் இல்லை என்பது உன் கட்சி.

அம்மா எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னா: "எந்தத் தேசத்திலை என்னவா எண்டாலும் இருக்கட்டும். என்ரை படலையிலை அது வேண்டாம்."

சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த அன்றும் அவ மாறவில்லை. கதவைப் பூட்டிவிட்டு, வெறும் வீட்டைப் பார்த்து, "போட்டு வாறம்" என்று சொல்லித்தான் இறங்கினா. அவ திரும்பவில்லை. இணுவிலில்தான் கண் மூடினா. அதற்குப் பிறகு, நீயும் நானும் அந்தச் சட்டத்தை ஏன் எதற்கென்று கேட்காமல் காத்துவந்தோம். நீ பகிடி பண்ணுவதையும் விட்டுவிட்டாய்.

பிறகு உனக்கு அந்த வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் எழும்பி வா, சுகமாகி வா என்றே சொன்னார்கள். உன் மனைவி பாவம், நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைத்தா. நீ ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாய். மூச்சு எடுக்கப் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலை அறையில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது என் கையைப் பிடித்தாய்.

"எல்லாரும் வா எண்டுதான் சொல்லுகினம் அக்கா. எனக்கு ஏலாது. நீ ஒருக்கா போ எண்டு சொல்லிவிடு."

என் வாய் எதற்கும் அஞ்சாத வாய் என்று ஊருக்கே தெரியும். அன்று அது அந்தச் சொல்லுக்கு அஞ்சியது. நீ கொண்டு வந்த வேற்றுமொழிப் பொருள்களில் ஒன்றை நினைத்துக்கொண்டு சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் உன்னை ஏமாற்றியதாகும் தம்பி. நீ கேட்டது அம்மா படலையில் மறித்த அந்தச் சொல்லை, அதே பொருளில். உன் நெற்றியைத் தடவி, "போ ராசா, பயப்பிடாமல் போ" என்றேன். உன் முகம் இளகியது. பின்னேரம் பொழுது சாய முதல் நீ போய்விட்டாய்.

அதைச் சொன்ன நேரம் கஞ்சிக் கோப்பையோடு உன் மனைவி அறை வாசலில் நின்றதை நான் காணவில்லை. செத்தவீட்டில் அத்தனை சனத்துக்கு முன்னால், "என்ரை மனிசனை அனுப்பிப்போட்டியளே மச்சாள்" என்று கேட்டா. அதற்குப் பிறகு அவ என்னோடு கதைப்பதில்லை. வருடம் திரும்பி வந்த உன் ஆட்டைத்திவசத்தில் வாழையிலை போட்டுச் சோறு பரிமாறினா, முகத்தைப் பார்க்கவில்லை. அவவில் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதற்காக நான் வருந்தவும் இல்லை. ஆனால் பாரமாய் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

உன்னிலும் மூத்தவள் நான். எனக்கும் முழங்கால் விட்டுப்போய், இப்போது மூச்சும் வாங்குகிறது. ஒருநாள் என் கட்டிலைச் சுற்றி நின்று எல்லாரும் அன்பாக, வா, எழும்பி வா என்றுதான் சொல்லப்போகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லத் துணிவுள்ள ஒரே ஆள் நீ. உன்னையும் நானே அனுப்பிவிட்டேன்.

அக்கா