சாவிக் கோப்பு என்னிடம்தான் இருந்தது

கொட்டாஞ்சேனை,
வியாழக்கிழமை.

அன்புள்ள சுபோதினிக்கு,

இங்கு எல்லோரும் நலம். ரொறன்ரோக் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் இணைப்பைத் திற. இரண்டு மாதங்களுக்கு முன் நீ கேட்ட சாவிக் கோப்பு அதுதான். லப்டொப் பழுதாகி அது அழிந்துவிட்டது என்று நான் எழுதியது பொய்.

மருதானைக் கணினி வகுப்பில் நாம் செய்த முதல் செயலி, அந்தக் குளிசைச் செயலி, உனக்கு நினைவிருக்கும். திரைகளைக் கொப்பித் தாளில் பென்சிலால் கீறி, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரும் என்று அம்புக்குறி போட்டோம். பிறகுதான் நிரல் எழுதினோம். கணினியில் ஓடியது என் மலிவான போனில் நின்றுபோனது. எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான் ஒளிந்துகொண்டது. அதைத் திருத்தவே ஒரு வாரம் போனது. வெளியிடும்போது கையொப்பமிட ஒரு சாவிக் கோப்பு செய்தோம். அதே சாவி இல்லாமல் புதிய பதிப்பு போட முடியாது, பத்திரம் என்றார் வகுப்பு சேர். நாமோ சாவியை என்னிடமும் கடவுச்சொல்லை உன்னிடமும் பிரித்து வைத்தோம், ஒருவரை விட்டு ஒருவர் போகக் கூடாது என்று. நீ போய்விட்டாய்.

போனதற்குக் கோபமில்லை. உங்கள் வீட்டில் அனுப்ப வசதி இருந்தது, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் இருக்கும் எங்களுக்கு இல்லை. ஆனால் அந்த வானொலிப் பேட்டி! மருந்துக் குளிசை வேளையை நினைவூட்டும் நம் தமிழ்ச் செயலியை "நான் செய்தனான்" என்றாய். ஒரு தரமாவது "நாங்கள்" வருமா என்று ஐந்து தரம் கேட்டேன். வரவில்லை சுபோ. அடுத்த நாள்தான் நீ சாவியைக் கேட்டாய். புதிய போன்கள் நம் செயலியைத் தூங்க வைத்துவிடுகின்றன, மணி அடிப்பதில்லை, திருத்த வேண்டும் என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிடந்து உழலட்டும் என்று நினைத்தேன்.

சாவி இல்லாததால் நீ எல்லாவற்றையும் வேறு பெயரில் முதலிலிருந்து செய்யத் தொடங்கினாய். போன மாதம் நீ உன் அம்மாவுக்கு அனுப்பிய புதிய போனிலோ பழைய செயலிதான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் தலைசுற்றி விழுந்துவிட்டார். களுபோவில ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு மூன்று தையல் போட்டார்கள். இப்போது சுகம், பயப்படாதே. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைத்தான் கூப்பிட்டார். பிரஷர் குளிசையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "போன் அடிக்கேல்லை பிள்ளை. அடிக்காட்டி இண்டைக்குக் குளிசை இல்லையெண்டு நினைச்சிட்டன்" என்றார்.

அன்று முதல் வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நானே போய்க் குளிசை கொடுக்கிறேன். நேற்றுப் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்காவிடம் என்னைக் காட்டி, "பெத்த பிள்ளையும் இப்பிடிப் பாக்காது" என்றார். புகழுக்குத்தானே ஏங்கினேன். கிடைத்தபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

என்னைத் திட்டு, தகும். அதற்கு முன் இன்றைக்கே புதிய பதிப்பைப் போடு. அந்தப் போன் அடிக்கட்டும். அவர் என்னைப் புகழ்வது நிற்கட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று, பொறாமை இன்னும் முழுதாக ஆறாத மனதோடு வேண்டிக்கொள்ளும்,
அனுஷியா