மாடு இழுக்காத கட்டை

உருத்திரபுரம்
ஞாயிறு காலை

அன்புள்ள யதுர்ஷிகா,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பெய்த மழைக்குப் பயிர் பச்சையாக எழும்பி நிற்கிறது. நீ சுகம் என்று போன ஞாயிறு போனில் சொன்னதை அம்மா நம்பவில்லை, உன் குரல் அடைத்திருந்ததாம், கொத்தமல்லி அவித்துக் குடிக்கட்டும் என்று முதலில் எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன். இனி என் விசயம். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வாயே திறக்கமாட்டாய், அதனால்தான் இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நீ அளவு பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவு மேடு முதல்நாள் மூன்று மில்லிமீட்டர், அடுத்த நாள் ஐந்து, அதற்கடுத்த நாள் ஒன்பது என்று நகர்ந்ததும் நீ லொறிகளை இரண்டு நாள் மறித்தாய், பிறகு அது தானாக அடங்கிவிட்டது, ஒன்றும் விழவில்லை. இப்போது உன் மேலாளர், கருவி பிழையாகக் காட்டியது என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வை என்கிறார். என்ன செய்ய என்று என்னைக் கேட்டாய். இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா, எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்று நான் கத்தினேன். அது பிழை. புதன்கிழமை நடந்ததைக் கேள்.

எங்கள் கல்குவாரியில் கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணை வழித்து ஒரு பக்கம் குவித்திருக்கிறோம், இரண்டு பனை உயரம் வரும், அதன் அடிவாரத்தில் ஏரம்பு அண்ணையின் மாட்டுக் கொட்டில். உச்சியில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. நீ சொல்லித் தந்தபடி வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் கட்டை அடித்து இடைத்தூரத்தை நாள்தோறும் அளந்தேன். உச்சியில் நல்ல புல், அவர் என் கட்டையிலேயே மாட்டைக் கட்டி மேயவிட்டார், நான் கண்டு, அதில் கட்டவேண்டாம் என்று பேசினேன். மூன்று கிழமையாக அறுபத்தொரு சென்டிமீட்டர்தான். திங்கள் இரவு முழுக்க மழை, செவ்வாய் பார்த்தால் அறுபத்தைந்து. நான் என்ன செய்தேன் தெரியுமா, வெடிப்பைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, கட்டையைப் பிடுங்கி அறுபத்தொன்றில் திரும்ப அடித்துவிட்டு, கொப்பியில் மாடு இழுத்தது என்று எழுதிவிட்டு வந்தேன். அளவு சரியாகிவிட்டதாம்! இருபது வருசம் வேலை பார்த்தவனின் கெட்டித்தனம் அது.

புதன் காலை ஆறரைக்கு அந்தப் பக்கம் முழுக்க இறங்கிக் கொட்டிலை மூடிவிட்டது. அவரின் மனுசி விமலேஸ்வரி அக்கா தினமும் கொட்டிலுக்குள் சாணம் அள்ளும் நேரம். நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். அக்கா வேலிக்கு வெளியே விளக்குமாறோடு நிற்கிறா, என் உயிர் அப்போதுதான் திரும்பியது. உங்கள் மாடு கட்டையை இழுத்ததில் எனக்கு அளவு பிழைத்துப்போனது என்று ஏரம்பு அண்ணையிடம் கத்தினேன். அவர் சிரித்தார். தம்பி, நீர் பேசின அண்டைக்கே அவிட்டிட்டன், கண்டு போடப்போகுதெண்டு மருமோன் மல்லாவிக்குக் கொண்டுபோய் ஒரு கிழமையாச்சு, இல்லாத மாடு எப்பிடி இழுக்கும், நீர் கொஞ்சம் இருந்து தண்ணி குடியும் என்றார். மாடு மல்லாவிக்குப் போயிராவிட்டால் அக்கா உள்ளே இருந்திருப்பா.

கவலைப்படாதே, எல்லாரும் நலம். வியாழன் மல்லாவியில் மாடு கன்று போட்டது, முதல் கறந்த கடும்புப் பால் எங்களுக்கும் வந்தது, அம்மா அவித்தா, நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். கொட்டிலைக் குவாரிச் செலவில் முந்நூறு அடி தள்ளிப் போடுகிறோம், நேற்று கூரையைத் தாங்கும் கப்பு நானே நட்டேன். ஏரம்பு அண்ணை அதற்கும், இதையாவது மாடு இழுக்காமல் நடும் என்றார். குவாரி முழுக்கச் சிரித்தது, நானும்தான்.

மேடு விழவில்லை என்பதற்காக அளவு பொய்யாகாது பிள்ளை. அது நகர்ந்தது, நீ கண்டாய், மறித்தாய். வேலை போனால் போகட்டும், வேறு மேடு கிடைக்கும், இங்கே வீட்டில் உன் அறை உன் அறையாகவே இருக்கிறது. உருத்திரபுரத்துச் சிவன் உன் பக்கம் நிற்பார், அம்மாவின் முத்தமும் என் ஆசியும். கொத்தமல்லியை மறக்காதே.

அந்த இரண்டு வரியை எழுதாதே. அவசரப்பட்டு ஏற்கனவே எழுதியிருந்தால் வெட்டாதே, கிழிக்காதே, அதற்குக் கீழே உண்மையை மூன்றாவது வரியாக எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வை. என் கொப்பியில் நான் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்: மாடு இழுக்கவில்லை.

உன் அப்பா
சிவகரன்