இரண்டு ஹார்ட் என்றால் ஸ்பேட்

ஜூன் 9, ஞாயிறு
பழனிசெட்டிபட்டி கிளப்பில் இன்று இரண்டு மேசை பிரிட்ஜ் சீட்டாட்டம். ஞானசெல்வியும் நானும் முதலிடம். ஒன்பது வருட ஜோடி. ஞாயிறு மதியம் போடியில் துணிக்கடையை மூடிவிட்டு அவள் வருவாள். தேனியிலிருந்து ஸ்கூட்டியில் நான்.

ஷெரின் என்று புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். குமுளியிலிருந்து இங்குள்ள வங்கிக்கு மாறுதலாகி வந்தவள். முப்பதுகூட இருக்காது. நன்றாக ஆடுகிறாள். ரொம்ப நன்றாக.

ஜூன் 16, ஞாயிறு
ஆட்டம் முடிந்ததும், துருப்பைத் தீர்மானிக்கும் ஏலத்தைப் பற்றி, என்னைக் காட்டி ஷெரின் ஞானத்திடம் கேட்டாள்:

"பவானி சேச்சி ஒரு நோட்ரம்ப்னு ஆரம்பிச்சு, உங்க கையில அஞ்சு ஸ்பேடு இருந்தா என்ன சொல்வீங்க?"

"ரெண்டு ஸ்பேடுதான்."

"அப்ப ஸ்பேடை முதல்ல சொன்ன நீங்கதான் ஆடணும். சேச்சியோட பலமான கை மேசையில விரிஞ்சுடும், எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அதுக்குப் பதிலா ரெண்டு ஹார்ட் சொல்லுங்க. 'என்கிட்ட ஸ்பேடு இருக்கு, நீ சொல்லு'ன்னு அர்த்தம். சேச்சி ரெண்டு ஸ்பேடு சொல்வாங்க. பலமான கை மறைஞ்சே இருக்கும்."

டிரான்ஸ்பர். நோட்ரம்ப், அதாவது துருப்பே வேண்டாம் என்று பலமான கை ஏலத்தைத் தொடங்கியபின், தன் இனத்தை ஜோடியின் வாயால் சொல்ல வைப்பது. எனக்குத் தெரியாதா என்ன? புத்தகத்தில் படித்து, வேண்டாமென்று விட்டதுதான். எங்களுக்கு ஸ்டேமன் போதும். இரண்டு கிளப் சொன்னால், 'ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ நாலு சீட்டு இருக்கிறதா?' என்ற கேள்வி. மற்றதெல்லாம் சொன்னது சொன்னபடி.

ஞானம் என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பையிலிருந்து தாளை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18
ஷெரின் இன்று ஞானத்தின் கடைக்குப் போனாளாம். சேலை எடுக்க. ஒரு சேலைக்கு இரண்டு மணி நேரமா?

ஜூன் 23, ஞாயிறு
"நாமளும் டிரான்ஸ்பர் ஆடுவோமே பவானி" என்றாள் ஞானம்.

"அப்ப ரெண்டு டைமண்ட் சொன்னாலும் ஹார்ட்டுன்னு அர்த்தமாயிரும். டைமண்ட்ல நிக்கணும்னா என்ன பண்ணுவ?"

"இத்தன வருசத்துல அது எத்தன தடவ வந்துச்சு?"

யோசித்தேன். நாலைந்து தடவை. ஸ்பேடும் ஹார்ட்டும் வாராவாரம் வருகின்றன. அதை அவளிடம் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு டைமண்டா பிரச்சினை? சொல்லிக் கொடுத்தது ஷெரின். அதுதான்.

ஜூன் 30, ஞாயிறு
எழுதிவிடுகிறேன். நான் ஒரு நோட்ரம்ப் சொன்னேன். ஞானம் இரண்டு ஹார்ட் சொன்னாள். நான் இரண்டு ஸ்பேட் சொல்ல வேண்டும். என் கையில் நாலு ஸ்பேட், இரண்டே ஹார்ட்.

"பாஸ்" என்றேன்.

கைக்கு உதவாத ஹார்ட்டைத் துருப்பாக வைத்துக்கொண்டு ஞானம் தனியாக ஆடினாள். ஜெயிக்க வேண்டிய ட்ரிக்கில், அதாவது பிடியில், நாலு குறைந்தது. எதிரணியில் இருந்த செல்வமணி அண்ணன் சிரித்தே விட்டார்.

"மறந்துட்டியா?"

"ஆமா ஞானம். இதெல்லாம் நமக்குச் சரிப்படாது. பழசே போதும்."

மறக்கல. தெரிஞ்சேதான் பண்ணுனேன். அவ முகத்தப் பார்த்தேன்... எனக்கு ஏன் இப்படிப் புத்தி போச்சு?

ஜூலை 2
போடிக்குப் போனேன். கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்" என்றாள், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ மறக்குற ஆளா? ஆட்டம் போனாப் போகுது ஆத்தா. அத்தன பேரு முன்னால என்னையக் கோமாளியாக்கிட்டியே."

டீ வாங்கித் தந்தாள். குடித்து முடித்தபின் சொன்னாள்: "மதுரைப் போட்டிக்கு ஷெரின்கூடப் போறேன்."

ஜூலை 14, ஞாயிறு
மதுரையில் அவர்கள் இருவருக்கும் ஏழாவது இடம். செல்வமணி அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. முதல் ரவுண்டிலேயே தோற்கட்டும் என்று காலையில் நினைத்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு
செல்வமணி அண்ணனோடு ஜோடி சேர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது ஆட்டம் அவர்களோடு.

ஷெரின் ஒரு நோட்ரம்ப். ஞானம் இரண்டு ஹார்ட். ஷெரின் இரண்டு ஸ்பேட். முதல் சீட்டு நான் இறக்க வேண்டும். மறைந்திருக்கும் அந்தப் பலமான கைக்கு எதிரே எதை இறக்கினாலும் ஆபத்தாகத்தான் பட்டது.

எதிராளி சொன்னதற்கு அர்த்தம் கேட்கலாம். ஆனால் சொன்னவரிடம் கேட்கக் கூடாது, அவருடைய ஜோடியிடம்தான் கேட்க வேண்டும். ஒன்பது வருடம் ஞானத்துக்காக அந்தப் பதிலைச் சொன்னவள் நான்.

தெரிந்துகொண்டே கேட்டேன். "ரெண்டு ஹார்ட்டுக்கு என்ன அர்த்தம்?"

ஞானம் தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குறைஞ்சது அஞ்சு ஸ்பேடு இருக்கு சேச்சி" என்றாள் ஷெரின். "ஹார்ட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல."

ஒரு டைமண்டை இறக்கினேன். ஞானம் தன் கையை மேசையில் விரித்தாள். ஐந்து ஸ்பேட்.

"நன்றி" என்றேன், ஷெரினைப் பார்த்து.